இடது பக்கம் வெந்நீர்

பிளம்பருக்கு நாற்பது வருட அனுபவம். நான்கு தெரு தள்ளிச் சொட்டும் குழாயின் சத்தம்கூட அவர் காதில் விழும். விழுந்ததும் எந்த மாடி, எந்தக் குழாய், வீட்டுக்காரர் எத்தனை மாதமாகச் சோம்பிக் கிடக்கிறார் என்பதுவரை சொல்லிவிடுவார். ஒரே ஒருமுறைதான் தவறியது. அன்று சொட்டியது மழை.

அப்படிப்பட்டவர் மூன்று நாள் தங்க மகள் வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் வாசலிலேயே மடக்கினாள் மகள்.

“அப்பா, போன தடவை வந்தப்போ ஃப்ளஷ் டேங்கைப் பிரிச்சுப் போட்டீங்க. உங்க மாப்பிள்ளை ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. இப்போ சமையலறைக் குழாயை அவரே ரிப்பேர் பண்ணியிருக்காரு. நல்லாயிருக்கோ நாசமா இருக்கோ, நீங்க வாயைத் திறக்கக் கூடாது. கையும் வைக்கக் கூடாது. அம்மா மேல சத்தியம்.”

“மூணு நாள்தானேம்மா. வாயை மூடிக்கிட்டா செத்தா போயிடுவேன்?”

“ஸ்பேனரைக் குடுங்க.”

“எந்த ஸ்பேனர்?”

“சட்டைக்குள்ள இருக்கிறது.”

கொடுத்தார்.

“இன்னொண்ணு?”

அதையும் கொடுத்தார்.

மாப்பிள்ளை அச்சகத்தில் பிழை திருத்துபவர். தன் கல்யாணப் பத்திரிகையை ஒன்பது வருடம் கழித்தும் அவ்வப்போது எடுத்துத் திருத்துகிறவர். வந்தவருக்கு டீ கொடுக்கும் முன்பே சமையலறைக்கு இழுத்துப் போனார்.

“பாருங்க மாமா, உள்ள இருந்த கார்ட்ரிட்ஜ் தேஞ்சு போய் ராத்திரி பகலா சொட்டுச்சு. புதுசு வாங்கி நானே மாட்டிட்டேன். ஒரு சொட்டு வருதா?”

கார்ட்ரிட்ஜ் என்பது பிடிக்கு அடியில், குழாயின் கழுத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் பங்கிட்டு விடும் சாமான். சொட்டு வரவில்லைதான். பிளம்பர் சந்தோஷமாகப் பிடியை வலது பக்கம், அதாவது பச்சைத்தண்ணீர்ப் பக்கம், தள்ளிக் கையை நீட்டினார். ஆவி பறக்க வந்தது வெந்நீர்.

கார்ட்ரிட்ஜ் முன்பின்னாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அரைவட்டம் திருப்பினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு செய்வார். விரல்கள் பரபரத்தன. கதவருகே மகள் தொண்டையைச் செருமினாள்.

“கம்பெனிக்காரன் பிடியில வெந்நீர்ச் சிவப்புப் பொட்டையும் பச்சைத்தண்ணி நீலப் பொட்டையும் மாத்தி வெச்சுட்டான் மாமா. பழசு ரெண்டு பக்கமும் வெதுவெதுன்னு வந்ததால இத்தனை வருஷம் யாருக்கும் தெரியலை. உங்க பொண்ணோட நெயில் பாலிஷை எடுத்து நான் திருத்திட்டேன்.”

“அப்படியா மாப்பிள்ளை,” என்றார் பிளம்பர். அதற்குப் பதிலாக விழுங்கிய வார்த்தைகள் வயிற்றை அடைத்ததில் மதியம் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் தூக்கக் கலக்கத்தில் அந்தக் குழாயில் முகம் கழுவி மூக்கு வெந்தது. கேட்ட மாப்பிள்ளையிடம் வெயில் என்று சொல்லிவைத்தார். மாலையில் சட்டையின் மேல் பட்டன் தெறித்து எதிர்ச்சுவரில் அடித்தது. சாப்பாட்டால் அல்ல, சொல்லாததால் என்று பிளம்பர் இன்றைக்கும் சாதிப்பார்.

மூன்றாம் நாள் காலை மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

“மாமா, குளியலறை வாஷ்பேசின்லயும் அதே வியாதி. மாத்திடறேன். நீங்க டார்ச் மட்டும் பிடிங்க.”

பிளம்பர் மகளைப் பார்த்தார். மகள் யோசித்தாள். டார்ச் சத்தியத்தில் வரவில்லை.

மாப்பிள்ளை நேராகப் பிடியைக் கழற்றப் போனார். பேசினுக்கு அடியில் இருக்கும் இரண்டு வால்வையும் மூடவில்லை. மூடாமல் உருவினால் கார்ட்ரிட்ஜ் மேற்கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும். பிளம்பர் வாயைத் திறக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தை மெல்ல இறக்கி வால்வின்மேல் நிறுத்தினார்.

“மாமா, வெளிச்சம் இங்க.”

வெளிச்சம் அசையவில்லை.

“அங்க என்ன... அட, வால்வு! நல்லவேளை, எனக்கு ஞாபகம் வந்துச்சு.”

அதன்பிறகு வெளிச்சமே வேலை பார்த்தது. பிடிக்கடியில் ஒளிந்திருந்த குட்டி ஸ்க்ரூவைக் காட்டியது. நட்டு எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று சுவரில் வட்டம் போட்டது. புதுக் கார்ட்ரிட்ஜை மாப்பிள்ளை மாற்றி வைக்கப் போனபோது கோபித்துக்கொண்டு அணைந்தது. சரியாகத் திருப்பியதும் எரிந்தது. எல்லாம் முடுக்கி, வால்வைத் திறந்து, பிடியைத் தள்ளினால், இடது பக்கம் வெந்நீர்! பிளம்பருக்குக் கண் கலங்கியது.

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது.

“தப்பாயிடுச்சு மாமா. சமையலறையில வெந்நீர் வலது பக்கம் வருது. ஒரே வீட்டுல ரெண்டு விதம் இருந்தா எப்படி?”

சொல்லிக்கொண்டே மறுபடி வால்வை மூடி, பிரித்து, கார்ட்ரிட்ஜை அரைவட்டம் திருப்பி முடுக்கினார். டார்ச் அணைந்து அணைந்து எரிந்தும் பலனில்லை. “பேட்டரி தீர்ந்துபோச்சு போல,” என்றார் மாப்பிள்ளை.

“இப்போ சரிதானே மாமா?”

நாற்பது வருடமும் தொண்டைக்குள் ஏறி நின்றது. கதவருகே மகள் கும்பிடாத குறையாக நின்றாள். பிளம்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“சரிதான் மாப்பிள்ளை.”

ஒன்பது வருடத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த முதல் ‘சரி’. மாப்பிள்ளை பூரித்துப் போனார்.

“கையில தொழில் வந்துடுச்சு மாமா. அடுத்த மாசம் நாங்க வரும்போது உங்க வீட்டுக் குழாய் எல்லாத்தையும் நானே மாத்தித் தர்றேன்.”

“தப்பு!”

அந்தச் சத்தத்தில் மேல் மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒன்று தானாக நின்றது.

“அப்பா! அம்மா மேல சத்தியம்!”

“உங்கம்மா தாங்கிக்குவா. என் குழாய் தாங்காது. இது தப்பு, மாப்பிள்ளை. சமையலறையும் தப்பு. கம்பெனிக்காரன் பாவம், அவன் வெச்ச பொட்டுதான் சரி!”

மாப்பிள்ளை குழாயைப் பார்த்தார். டார்ச்சைப் பார்த்தார். மாமனாரின் மூக்கைப் பார்த்தார்.

“அப்போ அது வெயில்ல சிவந்தது இல்லையா?”

“இல்லை.”

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கிவைக்கத்தான் பார்த்தார். ஆனால் அந்த மூக்கை வைத்துக்கொண்டு யாரால் முடியும்? வெடித்துச் சிரித்துவிட்டார்.

பிளம்பர் அவசரமாக ஸ்பேனருக்குக் கையை நீட்டினார். மாப்பிள்ளை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது என்கிட்டயே இருக்கட்டும். நீங்க டார்ச்சைப் பிடிங்க. இந்தத் தடவை வாயைத் திறந்துக்கிட்டே பிடிங்க.”

திறந்தார். இரண்டு குழாயும் சரியாகி, மதியச் சாப்பாடு ஆறி, மகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தபோது, மூன்று நாள் விழுங்கியதில் பிளம்பர் அப்போதுதான் நட்டுவரைக்கும் சொல்லி முடித்திருந்தார்.