ஜெயிச்சா இறங்கிடும்

கேஜ் பாய்ஸ் தோற்றுப்போன மறுநாள் காலையில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. விடியாத இருட்டில் டிபன் கேரியர்களின் சத்தம் மட்டும் கேட்கும். ஜன்னலோர சீட்டுக்கு ஊரையே இரண்டாக்கும் டைட்டஸ்கூட, அன்றைக்குக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான்.

தங்கச் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கிய இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அதில் இறங்கி ஏறியவர்கள் ஆரம்பித்த கால்பந்து டீம் அது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பாக்கள் ஷாஃப்ட் குழியில் இறங்கினார்கள். பிள்ளைகள் பெங்களூர் வண்டியில் ஏறுகிறார்கள். டீம் மட்டும் அப்படியே இருக்கிறது.

யசோதரா அந்த வண்டியில் பதினேழு வருஷமாகப் போய் வருகிறாள். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய தோள்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் மெஷின் எப்போதும் இருக்கும்.

அது நாலு வருஷம் முன்னால் ஆரம்பித்த பழக்கம். ஒரு திங்கட்கிழமை டைட்டஸ் தலை சுற்றுகிறது என்று அவள் தோளிலேயே சாய்ந்துவிட்டான். பங்காருபேட்டையில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும், குலுக்கல் இருக்காது. கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். நூற்று அறுபத்து நாலு. பயந்துபோய் டாக்டரிடம் அனுப்பினாள். வியாழக்கிழமை பார்த்தால் நூற்று இருபத்தெட்டு. டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

"முந்தின நாள் மூணு கோல் வாங்கினோம் சிஸ்டர். அதான்," என்றான் டைட்டஸ்.

சிரித்தாள். ஆனால் அடுத்த தோல்விக்கும் அப்படியே ஆனது. அதற்கடுத்த தோல்விக்கு இன்னும் நாலு பேர் கையை நீட்டினார்கள். எல்லோருக்கும் திங்கட்கிழமை ஏறும், வியாழக்கிழமை இறங்கும். ஜெயித்த வாரங்களில் ஏறுவதே இல்லை. டைட்டஸ் அதற்கு 'கேஜ் பிரஷர்' என்று பெயரே வைத்துவிட்டான். யசோதரா ஒரு டைரி போட்டாள். தேதி, ஆள், நம்பர், பக்கத்தில் ஸ்கோர். படித்த நர்ஸ் செய்கிற வேலையா என்று கேட்டால், அவளும் அந்த மைதானத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து மேட்ச் பார்த்து வளர்ந்தவள்தான். தோற்ற அன்று அவளுக்கும் தூக்கம் வராது.

கையை நீட்டுகிறவர்களில் கடைசி ஆள் அவளுடைய அண்ணன் மகிழன்.

வயசு நாற்பத்தெட்டு. பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. மகிழன் ஒரு நாளும் டீமில் ஆடியதில்லை. ஆனால் அவன் இல்லாமல் டீம் ஆடியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் சுண்ணாம்பு வாளியோடு போய் மைதானத்துக்குக் கோடு போடுகிறவன் அவன்தான். கயிறு கட்டாமலே நேராகப் போடுவான். டீம் தோற்றால் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். சாப்பாடு கிடையாது, பேச்சு கிடையாது. அண்ணி ஜானகி பழகிவிட்டாள். தோற்ற அன்றைக்கு அவள் அரிசியே ஒரு கைப்பிடி குறைத்துத்தான் போடுவாள்.

இந்த வருஷம் ஜூலையில் லீக் ஆரம்பித்தது. முதல் மேட்ச், சைபர்-மூணு. இரண்டாவது, ஒண்ணு-நாலு. ஆகஸ்ட் முழுக்கத் தோல்வி. கோல்கீப்பர் பையன் வேலைக்கு ஓசூர் போய்விட்டான். பின்னால் நின்று தடுக்கிற ஆஸ்டின் முழங்காலை உடைத்துக்கொண்டான். செப்டம்பரில் மைதானத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

பங்காருபேட்டையில் கைகள் நீளும். டைட்டஸுக்கு நூற்று ஐம்பத்தெட்டு. வியாழக்கிழமை இறங்கிவிடும். மகிழனுக்கு நூற்று அறுபத்தெட்டு. வியாழக்கிழமையும் நூற்று அறுபத்தாறு.

"உனக்கு மட்டும் இன்னாண்ணா எறங்கவே மாட்டேங்குது?" என்றாள் யசோதரா.

"இவனுங்களுக்கு ரோஷம் மூணு நாள்தான். எனக்கு அடுத்த தோல்வி வரைக்கும் கீது," என்றான் மகிழன்.

வண்டி முழுக்கச் சிரித்தது. யசோதராவும் சிரித்தாள். வார்டில் ஒரு பேஷண்ட் இந்த நம்பரோடு வந்திருந்தால் அவள் அன்றே ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருப்பாள். அதுகூட ஒரு நிமிஷம் மனசில் ஓடியது.

"ஒரு டெஸ்ட் எடுத்துரலாமாண்ணா? நம்ம ஆஸ்பத்திரியிலயே."

"எனக்கு மாத்திரையும் வேணாம், டெஸ்டும் வேணாம். ஒரு மேட்ச்ல ஜெயிக்கச் சொல்லு."

"அதுவும் சரிதான். ஜெயிச்சா இறங்கிடும்," என்றாள்.

அக்டோபரில் அவன் கால் வீங்கியது. மைதானத்தில் நாள் முழுக்க நிற்பதால் என்றான். வண்டியில் ஏறியதும் தூங்கிப்போனான். எழுப்பினால் வாயைத் திறக்கப் பிடிக்காதவன் மாதிரி தலையை மட்டும் ஆட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு போடும்போது பாதியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். மீதிக் கோட்டை டைட்டஸ் போட்டான். அது பாம்பு மாதிரி வளைந்து போனது.

"லைன்ஸ்மேனே குழம்பிப்புடுவான்டா," என்று மகிழன் அதட்டியதோடு சரி.

ஜானகிதான் ஒரு நாள் யசோதராவைக் கொல்லைப்புறக் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"யசோ, ரெண்டு மாசமா உங்கண்ணனுக்கு சோறு எறங்கல. வாயில வச்சா குமட்டுதாம். உடம்பெல்லாம் அரிக்குதுன்றாரு. உங்க டீமு எப்பதான் ஜெயிக்கும்?"

"இன்னும் நாலு மேட்ச் கீது அண்ணி."

"அதுல ஒண்ணாச்சும் ஜெயிக்குமா?"

"ஜெயிக்கும். ஜெயிச்சா எல்லாம் இறங்கிடும். அவரு எப்பவும் இப்படித்தானே?"

ஜானகி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நிம்மதியோடு போனாள்.

டிசம்பரில் கடைசி மேட்ச். பதினொரு மேட்ச் ஆடி பதினொன்றிலும் தோற்றாயிற்று. கீழ் டிவிஷனுக்கு இறங்குவது என்றைக்கோ முடிவாகிவிட்டது. எதிரே பங்காருபேட்டை ஜங்ஷன் லெவன். ஜெயித்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் யசோதரா டியூட்டி மாற்றிக்கொண்டு போனாள். ஊரில் யாருக்கும் வேண்டாத அந்த ஒரு வெற்றி அவளுக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்கு என்ன ஆயிற்றோ, பையன்கள் புலியாக ஆடினார்கள். முதல் பாதியில் ஒரு கோல். இரண்டாம் பாதியில் ஒன்று வாங்கி, கடைசி ஐந்து நிமிஷத்தில் கார்னரில் இருந்து இன்னொன்று. இரண்டு-ஒன்று. விசில் ஊதியதும் டைட்டஸ் மைதானத்துக்குள் ஓடி, குட்டிக்கரணம் போடப் பார்த்து, பாதியில் விழுந்தான். ஆறு மாசமாக அந்த மைதானத்தில் சிரிக்காத முகங்கள் எல்லாம் சிரித்தன.

மகிழன் எழுந்திருக்கவில்லை. சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஜெயிச்சுட்டோம் யசோ."

"ஜெயிச்சுட்டோம்ணா. இன்னிக்கு வீட்ல ஒழுங்கா சாப்புடு."

ராத்திரி அவன் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துக் காத்திருந்த ஜானகி மட்டும்தான் அதைப் பார்த்தாள்.

மறுநாள் பெட்டியில் கல்யாண வீட்டுக் களை. வண்டி கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் டைட்டஸ் கடைசி கோலை மூன்று தடவை சொல்லிவிட்டான். ஒவ்வொரு தடவையும் பந்து இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்து வந்தது. பங்காருபேட்டையில் வண்டி நின்றதும் கைகள் வரிசையாக நீண்டன.

டைட்டஸ், நூற்று இருபத்தாறு. கைதட்டல். அடுத்தவர், நூற்று முப்பது. கைதட்டல். அதற்கடுத்தவர், நூற்று இருபத்திரண்டு.

"மருந்துக் கடைக்காரனெல்லாம் நம்ம டீமு தோக்கணும்னு சாமி கும்புடுவானுங்க," என்றான் டைட்டஸ்.

கடைசியாக மகிழன் இடது கையை நீட்டினான். பட்டை இறுகியது, தளர்ந்தது.

நூற்றுத் தொண்ணூற்றாறு. கீழே நூற்றுப் பதினாறு.

யசோதரா மறுபடி எடுத்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. வலது கையில் எடுத்தாள். அதேதான்.

"பேட்டரி பூட்ச்சு சிஸ்டர். வேற போடுங்க," என்றான் டைட்டஸ்.

அவள் பட்டையைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டாள். நூற்றுப் பதினெட்டு. மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

பெட்டியில் கைதட்டல் நின்றுபோய் எவ்வளவு நேரமாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் காலைப் பார்த்தாள். செருப்பு வாருக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது. முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளைப் பார்த்தாள். ஆறு மாசமாக எதிர் சீட்டிலேயே இருந்த முகம். இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருந்தது. தோல்வி எல்லாவற்றையும் மூடிவைத்திருந்தது. ஒரே ஒரு வெற்றி வந்து அந்த மூடியை எடுத்துவிட்டது.

"நாமதான் ஜெயிச்சுட்டோமே," என்றான் மகிழன், அவளைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரி.

"நீ இன்னிக்கு வேலைக்குப் போகல. எங்கூட வர்ற," என்றாள் யசோதரா.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மத்தியானம் கிட்னி டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன. இன்றைக்கே டயாலிசிஸ். அப்புறம் வாரத்துக்கு மூன்று தடவை. வேறு கிட்னி கிடைக்கிற வரைக்கும், அல்லது கடைசி வரைக்கும்.

"இவ்வளவு பிரஷர் எத்தனை நாளா இருக்கு? ஏதாவது ரெக்கார்டு இருக்கா?"

இருந்தது. யசோதரா பையில் இருந்து டைரியை எடுத்துக் கொடுத்தாள். ஜூலை முதல் ஒரு வாரம் விடாமல், அழகான கையெழுத்தில். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இந்த ஜூலைலயே வந்திருந்தா மாத்திரையிலயே சில வருஷம் ஓட்டியிருக்கலாம்." விரல் ஓர் இடத்தில் நின்றது. "இது என்ன, பக்கத்துல சைபர் மூணுன்னு?"

"ஸ்கோர், டாக்டர்."

"என்ன ஸ்கோர்?"

யசோதரா சொன்னாள். முழுக்கச் சொன்னாள். டாக்டரம்மா அவளுடைய நர்ஸ் உடுப்பை ஒரு தடவை பார்த்தார். பிறகு டைரியை மூடி மேஜைமேல் வைத்தார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஜானகியும் திட்டவில்லை. சாயந்திரம் ஆஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள்.

"நேத்து அவரு சாப்புடலன்னதும் எனக்குத் திக்குன்னுச்சு யசோ. ஜெயிச்ச அன்னிக்கு ஏன் சாப்புடலன்னு. அதுக்கு முன்னாடி பயமே இல்ல. நீ சொன்னியே."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அண்ணி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்துச் சண்டை போட்டிருந்தால் யசோதரா அழுதாவது தீர்த்திருப்பாள்.

கம்பெனியில் நாலு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகிழனை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி கிட்னி பொருந்தவில்லை. ஜானகிக்குச் சர்க்கரை இருந்தது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். திங்கள், புதன், சனி. வாரத்தில் மூன்று நாள், அதே வண்டியில், வேலைக்குப் போகிறவன் மாதிரியே டிபன் கேரியரோடு மகிழன் மெஷினுக்குப் போய் வந்தான். உப்பில்லாத சோறு. தண்ணீர்கூட அளந்துதான்.

ஜூலையில் மறுபடி லீக் ஆரம்பித்தது. கீழ் டிவிஷனில் முதல் மேட்ச். மைதானத்தில் கோடுகள் கோணலாக இருந்தன. கேஜ் பாய்ஸ் சைபர்-ரெண்டு.

மறுநாள் பெட்டியில் யாரும் பேசவில்லை. டைட்டஸ் கண்ணை மூடியிருந்தான். பங்காருபேட்டையில் வண்டி நின்றது. ஆறு மாசமாக யாரும் கையை நீட்டுவதில்லை. அவளும் மெஷினை வெளியே எடுப்பதில்லை. பையில் கிடந்தது, அவ்வளவுதான்.

மகிழன் மட்டும் அன்று சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"நேத்து பின்னால நின்னவனுங்க ஒருத்தனுக்கும் காலே நகரலயாமே. டைட்டஸ் சொன்னான். எடு யசோ, எவ்ளோ ஏறிக்கீதுன்னு பாப்போம்."

பழக்கத்தில் இடது கையைத்தான் நீட்டினான். முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்த ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்திருந்தது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. பார்த்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். முதல் வருஷத்து நர்ஸ் மாணவிக்குக்கூட அது தெரியும்.

"அந்தக் கை வேணாம்ணா," என்றாள்.

அவன் கையைப் பார்த்தான். பிறகு அதை மெதுவாக இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினான். அவள் பட்டையைச் சுற்றினாள். நம்பர் வந்தது.

"எவ்ளோ?"

சொன்னாள்.

மகிழன் ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரத்தைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். டாக்டரம்மா அவனிடமும் ஒளிக்காமல்தான் சொல்லியிருந்தார். ஆனாலும் கேட்டான். முன்பெல்லாம் அவள் தானாகவே சொல்கிற வார்த்தை, இந்த ஒரு தடவை கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

"அடுத்த வாரம் ஜெயிச்சா இறங்கிடும் இல்ல யசோ?"

வண்டி கிளம்பியது. அவள் அவன் கையில் இருந்து பட்டையைக் கழற்றினாள். சுருட்டினாள். சுருட்டியது சரியில்லை என்பது போல் பிரித்து, மறுபடி முதலில் இருந்து சுருட்ட ஆரம்பித்தாள்.