மூன்றுமீன் மேசை

“அது என்ன பேரு, மூணுமீன்?”

“மூணு மீனு. ஒண்ணு, ரெண்டு, மூணு.”

“என்ன மீனு?”

“யாருக்குத் தெரியும்? தெரிஞ்சவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

“அந்தப் பேரு எப்படிக் கிடைக்கும்?”

“கிடைக்காதும்மா. கூடவே பொறக்கணும். ரத்தத்துல ஓடற பேரு அது!”

சித்தப்பா பெருமையாக மார்பைத் தட்டிக்கொண்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா அவரை மறுமணம் செய்துகொண்ட வாரம். பெயர்த்தகடு செதுக்குவதுதான் அவர் தொழில். எங்கள் வாசல் கதவுக்காகப் பித்தளைத் தகட்டில் தன் பெயரையும் அம்மாவின் பெயரையும் உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் பின்னால் மூன்றுமீன். அதற்குக் கீழே என் பெயர், நான் தவழும்போதே இறந்துவிட்ட அப்பாவின் பெயரோடு. அடுத்துக் கேட்க நினைத்ததை விழுங்கிவிட்டு, தரையில் சிதறிய பித்தளைச் சுருள்களைப் பொறுக்கினேன். ரத்தத்தில் ஓடுவதைக் கேட்டா வாங்க முடியும்?

அந்தப் பெயரை வேறு எங்கும் நாங்கள் கேட்டதில்லை. மருத்துவமனையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், காத்திருப்பவர்கள் எல்லோரும் யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். சித்தப்பா நடையில் அப்போது ஒரு மிடுக்கு வந்துவிடும். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு சகோதரர்கள். மூவரும் பெரிய கப்பல் தலைவர்கள், அதனால்தான் மூன்று மீன் என்பது அவர் கட்சி. கடைச் சுவரில் பாய்மரக் கப்பல் படம்கூட மாட்டியிருந்தார்.

“கப்பல் பரம்பரையாம்!” என்பாள் அம்மா. “முழங்கால் அளவு தண்ணியில இறங்கறதுக்கே என் கையைப் பிடிச்சுக்கறாரு.”

நான் வளர்ந்து, பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனேன். சொந்தமாக அலுவலகம் திறக்கப்போகிறேன் என்றதும் சித்தப்பா தகட்டை வெட்டி, முகம் தெரியும்படி மெருகேற்றி வைத்துவிட்டார்.

“பேரை எப்படிப் போடணும், சொல்லு.”

“எழுத்து பெரிசா சின்னதான்னு யோசிக்கிறேன் சித்தப்பா.”

“ஒரு தகட்டுக்கே இவ்வளவு யோசிச்சா, கட்டடம் எப்பம்மா நிக்கும்?”

நான் யோசித்தது எழுத்தின் அளவை அல்ல என்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய தானியக் கிடங்கின் இடிந்த சுவரைப் பிரித்தோம். கைக்கு வந்த ஒரு செங்கல்லைத் திருப்பினேன். நடுவில் பள்ளமாக, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று மீன்கள். அதைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன்.

“கேக்கா?” என்று கேட்டார் பக்கத்து இருக்கைக்காரர்.

“ஆமாங்க. கொஞ்சம் அதிகமா வெந்துடுச்சு.”

செங்கல்லைப் பார்த்த சித்தப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “கப்பல் இல்லடி, சூளை! சூளைக்கே சொந்தக்காரங்க நாம! முதலாளி முத்திரை இது!” அன்றைக்கே கப்பல் படம் பரணுக்குப் போயிற்று. செங்கல் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தது.

கிடங்குக்குக் கல் கொடுத்த சூளை இன்னும் நடக்கிறது என்று என் மேஸ்திரி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அம்மா, சித்தப்பா, நான் மூவரும் கிளம்பினோம். சித்தப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் எட்டவில்லை.

“மூச்சு விடாதீங்க. யாருக்காவது கண்ணுல பட்டுடப்போவுது,” என்றாள் அம்மா.

சூளையை நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண்மணி. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. சித்தப்பா கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, “நான் மூணுமீன் குடும்பம். இந்த இடத்தோட பழைய முதலாளி வம்சம்,” என்றார்.

“முதலாளியா? அது எங்க தாத்தா ஆச்சே!” அவர் சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. “நீங்க கல்லு அடிக்கற மேசை ஆளுங்க. வாங்க, காட்டறேன்.”

கொட்டகைச் சுவரில் பழைய மர அச்சுகள் தொங்கின. ஒன்றின் அடியில் சாவி, ஒன்றில் குடை, ஒன்றில் பிறை. கடைசி அச்சில் மூன்று மீன்கள். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“மேசைக்கு ஒரு முத்திரை. கல்லு விரிசல் விட்டா எந்த மேசையிலன்னு தெரியணும்ல? மேசைக்கு மூணு பேரு. ஒருத்தர் மண்ணு மிதிப்பாரு, ஒருத்தர் அச்சுல அடிப்பாரு, ஒருத்தர் காய வைக்கத் தூக்கிட்டுப் போவாரு. ஆளுங்களைக் கூப்பிடறதே முத்திரையை வச்சுத்தான். டேய் குடை, ஏய் சாவின்னு. அதுவே பேரா ஒட்டிக்கும்.”

“அந்த மூணு பேரும் அண்ணன் தம்பிங்க,” என்றார் சித்தப்பா, பிடியை விடாமல்.

“இருக்கவே முடியாதுங்க. ஒரே வீட்டு ஆளுங்களை ஒரே மேசையில விடவே மாட்டோம். வீட்டுச் சண்டையை இங்க கொண்டாந்தா கல்லு கோணிக்கும். இன்னிக்கும் அதான் வழக்கம். அதோ பாருங்க, அந்த ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. ஒருத்தி இந்தக் கோடி, ஒருத்தி அந்தக் கோடி!”

சித்தப்பாவின் முகம் தொங்கிவிட்டது. அம்மா அவர் கோட்டில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள். நான் மூன்றுமீன் அச்சைத் தொட்டுப் பார்த்தேன்.

“மேசையில ஒரு இடம் காலியானா, யாரை வேணும்னாலும் போடுவீங்களா?” என்று கேட்டேன்.

“நாங்க யாரு போடறதுக்கு? வர்றவங்க அந்த மேசைக்காரங்ககிட்ட நேரா போய்க் கேட்கணும். அவங்க சரின்னா சேர்ந்துக்கலாம். அன்னியிலேருந்து அவங்களுக்கும் அதே பேருதான்.”

திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பேருந்தை விட்டு இறங்கியதும் நடுத்தெருவில் நின்று சிரிக்கத் தொடங்கினார். கோட்டுப் பொத்தான் தெறித்து ஓடியது.

“ரத்தமாவது, ஒண்ணாவது! மூணு அந்நிய ஆளுங்க, ஒரு மேசை, ஒரு குவியல் களிமண்ணு! இதுக்கா நான் இத்தனை வருஷம் மார்ல தட்டிக்கிட்டேன்?”

“தட்டினதுல சளியாவது இளகியிருக்கும், விடுங்க,” என்றபடி அம்மா குனிந்து பொத்தானைத் தேடினாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடையைத் திறந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மெருகேற்றி வைத்திருந்த என் தகட்டை மேசைமேல் பொருத்தி, உளியை எடுத்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இன்னிக்குச் சொல்லாம வெளியே போக முடியாது. என்ன பேரு போடணும்?”

அம்மா ஓரமாக உட்கார்ந்து பொத்தானைத் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே இன்னொரு முக்காலி இருந்தது. அதை இழுத்துப் போட்டு மேசையருகில் உட்கார்ந்தேன். எட்டு வயதில் விழுங்கிய கேள்வி இன்னும் அப்படியே இருந்தது.

“என் பேரு. பக்கத்துல அப்பா பேரு, அது இருக்கட்டும்,” என்றேன். “அதுக்கு அப்புறம் இன்னொரு பேரு வேணும். அது உங்ககிட்டதான் இருக்கு சித்தப்பா. எனக்கும் மூணுமீன்னு போட்டுத் தருவீங்களா?”