முழங்கால் நின்ற ஒன்பது நாட்கள்

மருந்து லேபிள் அச்சடிக்கும் அந்த அச்சகத்தில், புரூஃப் பார்ப்பவளின் வலது முழங்கால் ஆடாமல் நின்றால் தாளில் உள்ள எழுத்துகள் எழுந்து நடக்கும். இது அவள் வேலைக்குச் சேர்ந்த பதினோராவது ஆண்டில்தான் தெரியவந்தது. அதுவரை முழங்கால் நின்றதே இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் ஸ்கேலால் தட்டினார்கள், சாப்பாட்டு மேசையில் அம்மா தொடையை அழுத்திப் பிடித்தாள். கவனம் இருந்தால் கால் ஏன் ஆடுகிறது என்று எல்லோரும் கேட்டார்கள். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

எதிரே உட்கார்ந்து மூலப்படியை உரக்க வாசிக்கும் அக்காவின் டீ பதினோரு வருடமும் தளும்பிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அது அக்காவின் புது உடுப்பில் கொட்டியது. அக்கா போய் முறையிட, மேனேஜர் வந்து, இன்னொரு முறை மேசை ஆடினால் அவளை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி. மறுநாள் கணுக்காலை நாற்காலியோடு சேர்த்துப் பார்சல் கயிற்றால் கட்டிக்கொண்டாள்.

முதல் நாள் ஒரு காற்புள்ளி ஓரம்வரை போய்த் திரும்பியது. மூன்றாம் நாள், 'உணவுக்குப் பின்' என்பதிலிருந்து 'பின்' மட்டும் இறங்கி ஜன்னல் விளிம்பில் போய் நின்றுகொண்டது. ஒன்றை விரலால் அமுக்கினால் நான்கு கிளம்பின. காலைப் பிடித்துவைப்பதிலேயே அவளுடைய சக்தியெல்லாம் தீர்ந்தது. எந்த லேபிளிலும் அவள் கையெழுத்துப் போடவில்லை; தாள்கள் மேசையில் குவிந்தன, மேனேஜரின் முகம் நாளுக்கு நாள் சிவந்தது.

ஒன்பதாம் நாள் குழந்தைகளின் இருமல் மருந்து வந்தது. அக்கா "ரெண்டு புள்ளி அஞ்சு" என்று வாசித்தார். தாளில் இருபத்தைந்து இருந்தது. அவள் புள்ளியை வைத்தாள். அது எறும்பு போல ஊர்ந்து தாளை விட்டு இறங்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி இறங்கியது. நான்காவது தடவை மேனேஜர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஒரு புள்ளி வைக்க ஒரு நாளா? கையெழுத்தப் போடும்மா, கீழ மிஷின் சும்மா நிக்குது."

"நிக்கட்டும் சார். குழந்தைங்க குடிக்கிற மருந்து," என்றாள்.

அப்போது கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்த அக்கா, கயிற்றையும் அது பதிந்து வீங்கிய கணுக்காலையும் பார்த்தார். நிமிர்ந்தார். பிறகு மேசை மேலிருந்த டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இத நான் கையிலயே வச்சுக்கறேன். நீ அவுத்து விடும்மா."

"மேசை ஆடும்க்கா."

"ஆடட்டும். கப்பலா என்ன, கவுந்து போறதுக்கு?"

கயிறு அவிழ்ந்ததும் முழங்கால் ஆடத் தொடங்கியது. ஜன்னல் விளிம்பிலிருந்து 'பின்' நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. மற்றவையும் வந்தன. கடைசிப் புள்ளி மேனேஜரின் காலரிலிருந்து கிளம்பி, சட்டைக் கையின் வழியாக இறங்கி, இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். கடவுள் அவளுடைய கவனத்தை முழங்காலில் வைத்திருந்தார். அவர் வைத்த இடத்தைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

இன்றும் அங்கே புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு மேனேஜர் மூன்று விஷயங்கள் சொல்கிறார்: கழிப்பறை கடைசியில் இருக்கிறது, டீ பதினோரு மணிக்கு வரும், கிளாஸை மேசையில் வைக்கக் கூடாது.