நாலு பேர் ஏறினால்

ஜலஜாவின் மாருதியில் மாட்டிய புது அலாய் வீல்கள், காலி வண்டியில் சத்தமே போடவில்லை. அவளுடைய பிள்ளைகள் வருண், தாராவோடு கொல்கத்தா பாலிகஞ்ச் அடுக்ககத்தின் வேறு இரு பிள்ளைகளும் பள்ளிக்கு ஏறிய அன்று, முதல் பள்ளத்திலேயே பின்பக்கம் 'கர்ர்' என்றது. இறங்கிப் பார்த்தாள். டயரின் வெளி ஓரம் துருவியதுபோல் சீவப்பட்டிருந்தது. இப்படியே போனால் டயர் வெடிக்கும். திங்கட்கிழமைக்குள் இதைச் சரிசெய்யாமல் அடுத்தவர் பிள்ளையை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை, பவானிபூரில் வீல் விற்ற மதுபாபு வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பூனை மாதிரி போகுது தீதி! போல்ட் எல்லாம் கச்சிதமா உட்கார்ந்திருக்கு."

"போல்ட் உட்கார்ந்தா போதுமா? சக்கரம் எங்க நிக்குதுன்னு பாக்க வேண்டாமா?" ஜலஜாவும் வங்காளத்திலேயே கேட்டாள்.

டிக்கியிலிருந்த பழைய ஸ்டெப்னியையும் ஓர் அலாய் வீலையும் அருகருகே கவிழ்த்துப் போடச் சொன்னாள். வருணின் கிரிக்கெட் ஸ்டம்பைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து அச்சில் பொருந்தும் முகம்வரை ஸ்கேலை இறக்கினாள். இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான். ஆனால் அலாயில் ஆழம் ஒரு விரல் குறைந்தது.

"ஆஃப்செட் வேற. அந்த ஒரு விரல் வெளியே தள்ளிக்கிட்டு நிக்குது. பாரம் ஏறி வண்டி அமுங்கினா மட்கார்டுல உரசுது."

"மட்கார்டு ஓரத்தைச் சுத்தியலால தட்டிவிட்டா போச்சு."

"தப்பு வீல்மேல. அடி வண்டிக்கா?"

எதிர் டீக்கடை பெஞ்சில் அட்டா என்று அரட்டை அடித்துக்கொண்டிருந்த மூவர் சிரித்தார்கள். ஜலஜா பின்கதவைத் திறந்தாள்.

"தாதா, நீங்க மூணு பேரும் ஏறுங்க. மதுபாபு, நீங்க முன்னாடி."

"பள்ளிப் பிள்ளைங்க இவ்வளவு கனமா இருப்பாங்களா?"

"அவங்க புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்திருக்கீங்களா?"

மண்குவளைகளோடு மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். டிராம் தண்டவாளத்தில் வண்டி ஏறி இறங்கியது. கர்ர்ர். ஒருவர் சட்டையில் டீ கொட்டியது.

"மது, உன் பூனை கத்துதுடா!"

கடைக்குத் திரும்பியதும் மதுபாபு இருந்த வீல்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். இந்த வண்டிக்கேற்ற ஆஃப்செட்டில் அவரிடம் வீல் இல்லை. கடை மூலையில் கிடந்த அவளுடைய பழைய இரும்பு வீல்களையே, அவற்றிலேயே இருந்த தேயாத டயர்களோடு ஜலஜா மாட்டச் சொன்னாள்.

"பார்க்க நல்லாவே இருக்காது தீதி."

"பரவாயில்லை. சரியான வீல் வந்ததும் சொல்லுங்க, ஸ்டம்போட வர்றேன்."

திங்கட்கிழமை நான்கு பிள்ளைகளும் ஏறினார்கள். அதே பள்ளம் வந்தபோது ஜலஜா ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்தான் கேட்டது.