கால் பட்டால் கும்பிடு

மே மாதம் வந்தால், சமவெளியில் ஊழியம் செய்யும் அமெரிக்கப் பாதிரிமார் வெயிலுக்குத் தப்பிக் கொடைக்கானல் ஏறிவிடுவார்கள். ஏறியவர்களுக்குப் பொழுது போக வேண்டும். ஏரிக்கு மேலே இருந்த சின்ன மிஷன் கல்லூரியின் கணக்கு வாத்தியார் ஹார்லன் துரைக்கோ ஓர் அவமானம் போக வேண்டியிருந்தது. ஒஹையோவில் அவர் படித்ததும் இதைப் போன்ற சின்னக் கல்லூரிதான். அங்கே அவர் ஆடிய ஃபுட்பால் அணி ஒரு பருவம் முழுக்க எல்லா ஆட்டத்திலும் தோற்றது. அந்தத் தோல்வியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1958-ல் கொடைக்கானலில் இறக்கிவைத்தார். கல்லூரிக்கு ஓர் அணி, பாதிரிமாருக்கு ஓர் அணி. மூன்று சனிக்கிழமை, மூன்று ஆட்டம்.

அமெரிக்க ஃபுட்பாலில் காலுக்கு வேலை ஓடுவது மட்டும்தான். உரிக்காத தேங்காய் போல ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குறுக்கே விழுகிறவர்களைத் தாண்டி எதிரியின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். கடந்தால் ஆறு புள்ளி. பகல் வகுப்புப் பிள்ளைகள் பயிற்சியை ஒருநாள் பார்த்துவிட்டு ஆளுக்கொரு வயிற்றுவலியைச் சொல்லி ஒதுங்கினார்கள். எனவே மாலை வகுப்பிலிருந்து ஆள் பிடித்தார்கள். அங்கே படித்தவர்கள் கடைச் சிப்பந்திகள், தோட்டக்காரர்கள், வத்தலக்குண்டு பஸ்ஸின் கிளீனர் மயில்சாமி.

அவர்களில் கந்தவேலும் ஒருவன். பழனியிலிருந்து வந்து, பஜாரில் ஜலாலுதீன் பாயின் மளிகைக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எதையும் முறைப்படி செய்கிறவன். செய்த பிறகு சரிதானா என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறவனும்கூட. மாலை வகுப்பில் சான்றிதழ் கிடைக்கும், பட்டம் கிடைக்காது. மூடுபனி இறங்கினால் வாத்தியாரே வரமாட்டார். பிரின்ஸ்பால் வீலர் துரை, "அணியில் ஒருவனுக்கு ஜூனில் பகல் வகுப்பில் இடம் தருவேன், படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாம்" என்று அறிவித்ததும், கந்தவேல் தன் கம்பளியை மடித்து, அடி தாங்கச் சட்டைக்குள் தோளில் வைத்துத் தைத்துக்கொண்டான்.

முதல் ஆட்டத்தில் பந்து அவன் கைக்கு வந்தது. மூட்டை தூக்கிய தோள். இரண்டு பாதிரிமாரைப் புரட்டிவிட்டு ஓடினான். மூன்றாமவர் மிஷன் ஆஸ்பத்திரிப் பல் டாக்டர். அவர் குறுக்கே விழுந்தார், கந்தவேலின் கால் அவர் தோளில் பட்டது.

கந்தவேல் நின்றான். குனிந்து அந்தத் தோளைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். பங்குனி உத்திரக் கூட்டத்தில் ஊரே ஊரை மிதித்து நடந்தாலும், ஒவ்வொரு மிதிக்கும் தொட்டுக் கும்பிட வைத்துத்தான் அவன் அம்மா அவனை வளர்த்திருந்தாள். அவன் நிமிர்வதற்குள் நாலு பேர் மேலே விழுந்தார்கள். பந்து போயிற்று; ஆட்டமும் போயிற்று.

நாயுடுபுரத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "ஏலே, இவன் பந்து வெளையாட வந்தானா, பாதபூசை பண்ண வந்தானா?"

ஹார்லன் துரை பைபிளிலிருந்தே தமிழ் கற்றவர். கோபம் வந்தால் அது இன்னும் பழைய தமிழாகிவிடும். "கந்தவேலே! நீ ஏன் குனிந்தாய்? இனிக் குனியாதிருப்பாயாக! ஓடக்கடவாய்!"

"கால் பட்டுருச்சுங்க சார்."

"படட்டும்! அதற்காகவே அவர்கள் விழுகிறார்கள்!"

ஆனால் வீலர் துரை மைதானத்தைக் கடந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "என் நாட்டில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை" என்றார்.

அன்றிரவு கந்தவேல் நாட்குறிப்பில் எழுதினான்: "கோச் ஓடச் சொல்கிறார். பிரின்ஸ்பால் நின்றதை மெச்சுகிறார். இடம் பிரின்ஸ்பால் கையில். ஓடவிடுவது கோச் கையில்."

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஆடும்போது யார் யார்மேல் கால் பட்டது என்று மனதில் குறித்துக்கொள்வது, ஆட்டம் முடிந்ததும் மொத்தமாகக் கும்பிட்டுவிடுவது. இரண்டாவது ஆட்டத்தில் அப்படியே செய்தான். நிற்காமல் ஓடிக் கோட்டைக் கடந்தான். கல்லூரி ஜெயித்தது. ஹார்லன் துரை தொப்பியை எறிந்து குதித்தார். ஆட்டம் முடிந்ததும் கந்தவேல் வரிசையாகப் போய் ஒவ்வொரு பாதிரியாரையும் தொட்டுக் கும்பிட்டான். அவர்கள் விடைபெறுகிறான் என்று நினைத்து, "குட் பை" என்றார்கள்.

வீலர் துரை மட்டும் கிட்டே வந்து, "இந்த முறை நீ நிற்கவில்லையே, மகனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது கந்தவேலுக்கு ஒரு வாரச் சோற்றைக் கசக்க வைத்தது.

மூன்றாவது ஆட்டத்தன்று பல் டாக்டருக்குக் கணுக்கால் சுளுக்கு. அவருக்குப் பதிலாக வீலர் துரையே கால்சட்டையை மடித்துக்கொண்டு பாதிரிமார் பக்கம் இறங்கினார். மூடுபனி ஏரியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சமமாக நின்று, முடிவு நெருங்கிய நேரத்தில் பந்து கந்தவேலிடம் வந்தது. ஒருவரை இடித்தான், ஒருவரிடம் நழுவினான். கோடு தெரிந்தது. பனிக்குள்ளிருந்து வீலர் துரை பாய்ந்தார், பிடி தவறி விழுந்தார். கந்தவேலின் கால் அவர் மார்பில் பதிந்தது.

கோட்டுக்கு இரண்டு எட்டுத்தான்.

"ஓடக்கடவாய்!" என்று ஹார்லன் துரை அலறினார்.

கந்தவேல் நின்றான். கை தானாகவே கீழே போனது. போகிற வழியிலேயே அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது: துரை பார்க்கிறார். உடனே வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் பணிந்து குனிந்தான். மார்பைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றினான். சரியாகத் தெரிந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் ஒற்றினான்.

மூன்று பாதிரிமார் அவன்மேல் விழுந்தார்கள். பந்து உருண்டது. பின்னால் வந்த மயில்சாமி அதை அள்ளி, கந்தவேல் முதுகில் ஒரு கால், பிரின்ஸ்பால் வயிற்றில் ஒரு கால் வைத்து, "போலாம் ரைட்!" என்று கத்திக்கொண்டே கோட்டைக் கடந்தான்.

கல்லூரி ஜெயித்தது. ஹார்லன் துரை மயில்சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். கந்தவேலைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று சொன்னார்: "ஒஹையோவில் உன்னைப்போல் ஒருவன்கூட இல்லை. அப்படியும் தோற்றோம்."

திங்கட்கிழமை ஜெபக்கூட்டத்தில் வீலர் துரை முடிவைச் சொன்னார். வயிற்றில் ஒரு கையை வைத்தபடியே பேசினார்.

"தாழ்மை என்றால் என்னவென்று கந்தவேல் நமக்குக் காட்டினான். ஒரு முறை அல்ல, இரண்டு முறை ஒற்றிக்கொண்டான். நான் கீழேயிருந்து பார்த்தேன். அவனுக்கு இந்தக் கல்லூரி கற்றுத்தர இனி ஒன்றுமில்லை." கந்தவேல் எழுந்திருக்கத் தயாரானான். "ஆனால் மயில்சாமி என்னை மிதித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லூரி யாருக்குத் தேவை? அவனுக்கே தேவை. பகல் வகுப்பில் இடம் மயில்சாமிக்கு."

கந்தவேலுக்கு ஒரு பைபிள் கிடைத்தது, தோல் அட்டை போட்டது.

வெளியே வந்ததும் மயில்சாமி தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கெதுக்குடா பகல் கிளாசு? வண்டிய எவன் கழுவுவான்? வா, தொரைட்டச் சொல்லி உனக்கே மாத்திருவோம்."

இரண்டு பேரும் போய்ச் சொன்னார்கள். வீலர் துரை மயில்சாமியை உற்றுப் பார்த்தார். "ஒரு நாளிலேயே விட்டுக்கொடுக்கக் கற்றுவிட்டாய்!" என்று அவனைக் கட்டிக்கொண்டார். "பார்த்தாயா கந்தவேல், நான் எடுத்த முடிவு எவ்வளவு சரி?"

"சரிதாங்க" என்றான் கந்தவேல். வேறென்ன சொல்வது என்று படியிறங்கும்வரை தோன்றவில்லை. இறங்கியபின் நிறையத் தோன்றியது.

ஜூன் மாதம் மயில்சாமி பகல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தான். கந்தவேல் மாலை வகுப்புக்குப் போய், வாத்தியார் வராத நாட்களில் தானே புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் திரும்பினான். பட்டம் போனது ஒரு வருத்தம். அதைவிட வேறொன்று அரித்தது. கடைசியாகக் குனிந்தது கையா, மூளையா? கைதான் என்றால் இடம் போனதில் அநியாயம் இருக்கிறது. மூளை என்றால் நியாயம் இருக்கிறது. முதல் ஒற்றல் கை, இரண்டாவது ஒற்றல் மூளை என்று ஒருநாள் முடிவுகட்டினான். மறுநாள் அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு சந்தைநாள், கடையில் பருப்பு மூட்டையைத் தோளிலிருந்து சரித்தபோது, பின்னால் நின்ற ஜலாலுதீன் பாயின் பாதத்தை மிதித்துவிட்டான். கை தானாகக் கீழே போனது. முழங்கால் உயரத்தில் வந்ததும் நின்றுவிட்டது.

பாய் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"என்னலே, கை அந்தரத்துல நிக்குது? ஒண்ணு தொட்டுக் கும்பிடு, இல்ல மூட்டையத் தூக்கு. யாவாரம் கெடக்கு."

கந்தவேல் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மூட்டையைத் தூக்கினான்.