இருமுறை கழித்த தூசி

பிரபஞ்சத்துக்கு வயது கணிக்கிற பெண்மணிதான். ஆனாலும் வீட்டுச் சமாச்சாரம் ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதே அவளுடைய பெருங்கவலை. புருஷனுக்கும் அங்கேதான் வேலை. இருவருக்கும் தலைமை, புருஷனின் அக்கா. தம்பியும் தம்பி பெண்டாட்டியும் மாதக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை என்பது அந்த அம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியாது. தெரிந்தவர்களோ வாய் திறக்கவில்லை, வேடிக்கை போய்விடுமே!

விண்மீன் கூட்டங்களான அண்டங்கள் விலகி ஓடுகின்றன. ஓடும் வேகத்தை ஒளியின் நிறமே சொல்லிவிடும். தூரத்துக்குத்தான் பாடு. அவற்றிலுள்ள சில விண்மீன்கள் எவ்வளவு மங்கித் தெரிகின்றன என்று பார்க்க வேண்டும், இடையில் கிடக்கும் தூசி கூட்டிய மங்கலைக் கழிக்க வேண்டும். வேகமும் தூரமும் கிடைத்தால், எல்லாம் ஒட்டிக்கிடந்த காலம் வரை பின்னால் போகலாம். ஆசைப்பட்ட விடைக்கு யாரும் கணக்கை வளைக்காதிருக்க, கணினி விடையை மறைத்தே வைத்திருக்கும். திறந்தபின் மாற்றக் கூடாது. தப்பென்றால் காரணத்தோடு அச்சேற்ற வேண்டும்.

அன்று விடையைத் திறந்தார்கள். ஜன்னலில்லாத அறை. அவள் சுவரோரம் மாட்டிக்கொண்டிருந்தாள், வெளியேற வரிசையே எழுந்து வழிவிட வேண்டும்.

திரையில் ஆயிரத்து நூறு கோடி ஆண்டுகள்.

"கிழட்டு விண்மீனுக்கே ஆயிரத்து இருநூறு கோடி ஆச்சு. அம்மாவுக்கு முன்னாடியே புள்ள பொறந்துடுச்சா?" என்றாள் நாத்தனார்.

எல்லாரும் சிரித்தார்கள். புருஷன் தன் வேலையை விளக்க எழுந்தான். "தூசிய கழிச்சுட்டுத்தான் அளவுகளக் குடுத்தேன்."

 அவளும் கழித்திருந்தாள்! இருமுறை கழித்தால் விண்மீன் கிட்டே வந்துவிடும், பிரபஞ்சத்துக்கு வயதும் குறைந்துவிடும். சொல்லாவிட்டால் தப்பான வயது தன் பெயரில் ஊரெல்லாம் போகும். சொன்னால் வீடு சந்தி சிரிக்கும்.

"நானும் கழிச்சேன், அண்ணி." மேடம் என்று கூப்பிடுகிற இடம் அது.

"அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கென்ன?"



"நாங்க பேசிக்கறதில்ல."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

"எல்லாரும் வெளிய வாங்க. காரணத்த இதுங்க ரெண்டும் உக்காந்து எழுதட்டும். எழுதி முடிக்காம கதவு திறக்கக் கூடாது."

கதவு மூடிக்கொண்டது. நாற்காலிகளெல்லாம் காலியாகியும் அவள் சுவரோரத்தைவிட்டு நகரவில்லை. அவன் தொண்டையைச் செருமினான்.

"தகவல் பரிமாற்றத்தில் குறைன்னு போட்டுடேன்."

இத்தனை மாதத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு. அவள் நிமிராமல், 'இருவரும் பேசிக்கொள்ளவில்லை' என்று மடிக்கணினியில் தட்டினாள்.