யாராவது திருகோணமலைக்கு வருவதென்றால்

துஷாந்தும் நிலக்ஷியும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் பேசுவான், அவள் கேட்பாள். அவன் பேசுவது வீட்டில் இருக்கிற தன் தங்கை நிஷாந்தியின் போனுக்கு. அவள் கேட்பது அடுப்படியில் நின்றுகொண்டு. புருஷன் பெண்டாட்டி முறைத்துக்கொண்டால் நம் வீடுகளில் நடக்கிற கூத்துதான் இது. சோறு ஆறுகிறது, பசிக்கிறவர்கள் சாப்பிடலாம் என்று பெண்டாட்டி சுவருக்குச் சொல்வாள். இங்கே வைத்த சட்டையை யாராவது பார்த்தார்களா என்று புருஷன் கூரையைக் கேட்பான். மற்ற வீடுகளில் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். இவர்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வீம்பு அதிகம்.

எல்லாம் அவன் வேலையால் வந்த வினை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை பெக்டரியில் இருந்தவன், ஒரு நாள் அதை விட்டுவிட்டுத் திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரை விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்துவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். கேட்கவில்லையே என்பதுதான் அவளுக்குக் கோபம். போறவங்க போகலாம், நான் அந்தத் திசைப்பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டேன் என்று, வரிசை வீடுகளான லயத்து வாசலில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அன்றிரவு அழுதாள். அதை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த 'யாராச்சும்' என்கிற ஆள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தார். தங்கையிடம் சுகம் விசாரித்து முடித்ததும் துஷாந்த் தொண்டையைச் செருமுவான்.

"யாராச்சும் திருகோணமலைக்கு வர்றதா இருந்தா…"

நிஷாந்தி உடனே ஸ்பீக்கரைப் போடுவாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

கினிகத்தேனைக்கு இறங்கி அங்கே கண்டி பஸ்ஸுக்குக் கை காட்டக் கூடாது என்பான். நேரம் மிச்சம்தான், ஆனால் நின்றுகொண்டே போகவேண்டும், வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும். ஹட்டனுக்குப் போய், புறப்படும் இடத்திலேயே ஏறி உட்காரவேண்டும். கண்டியில் திருகோணமலை பஸ்ஸுக்கு இடது பக்க ஜன்னல். காலை வெயில் வலது பக்கம்தான் அடிக்கும். கையில் ஒரு எலுமிச்சம்பழம். தம்புள்ளை தாண்டினால் சுவெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம், அப்புறம் ஹபரணை, கந்தளாய்க் குளக்கட்டு. ரயில்தான் பிடிக்கும் என்றால் கொழும்புக்கு இறங்கி இராத்திரி ரயில் ஏறலாம், ஆனால் அது காதைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. கோணேசர் கோயிலுக்குப் பத்து மணிக்குள் ஏறிவிடவேண்டும், இல்லாவிட்டால் தரை காலைச் சுட்டுவிடும். கோயிலுக்குப் போகிற வழியில் மான்கள் நிற்கும், மனுஷரைக் கண்டு ஓடாது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இங்கே மலையில் ஆனி ஆடியில் மழை ஊற்றும்போது அங்கே கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசி பிறந்தால் பொங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள்.

நிலக்ஷி கடலைப் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கலைந்து மலைக்கு ஏறியதும் அவள் பயணம் தொடங்கிவிடும். பனிமூட்டம் இறங்கிப் பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாத காலையில், முதல் தேயிலை நிரை அவளுக்கு நாவலப்பிட்டி. அடுத்தது கம்பளை. கூடை பாதி நிறையும்போது மாத்தளை தாண்டியிருப்பாள். விரல்கள் பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கந்தளாய்க் குளத்தில் காற்று அலை எழுப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை பக்கத்து நிரைக்குள் புகுந்து பாதி தூரம் போய்விட்டாள். எங்கே போகிறாய் என்று கங்காணி பழனியாண்டி சத்தம் போட்டார். ஹபரணைக்கு என்று வாய்வரை வந்துவிட்டது.

லயத்துச் சுவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஸ்பீக்கரில் சொன்னதெல்லாம் இந்தப் பக்கம் ஆறு காம்பரா வீடு, அந்தப் பக்கம் ஆறு காம்பரா வீட்டுக்கும் கேட்டது. யாராச்சும் என்றால் யார் என்று அந்த ஜனங்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கடல் பார்க்கிற ஆசை வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். நம்மைத்தான் கூப்பிடுகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். சித்திரை லீவுக்கு மாயாண்டி குடும்பம் கிளம்பியது. ஆடியில் இன்னொரு குடும்பம். வந்தவர்களையெல்லாம் துஷாந்த் பஸ் ஸ்டாண்டில் நின்று கூட்டிப்போனான், மீன் குழம்பு வைத்துப் போட்டான், கோயில் காட்டினான். அவர்கள் கருத்துப்போய்க் கருவாட்டோடு திரும்பி வந்து, நிலக்ஷியிடமே கடலைப் பற்றிக் கதை சொன்னார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரையே கூப்பிடுகிறவருக்கு என் பெயர் மட்டும் வாயில் வராதாக்கும் என்று நினைத்தாள்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, அவன் தொண்டையைச் செருமவே இல்லை. விடுதிக்காரர் மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்கு ஆள் அனுப்புகிறாராம். பாஸ்போட் கொடுத்தாயிற்று, புரட்டாசி முடிந்ததும் விமானம், இரண்டு வருடம் வரமுடியாது என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நிஷாந்தி அடுப்படிக்கு வந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். நிலக்ஷி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் பழனியாண்டியும் அவர் மனைவி வேலாயியும் திருகோணமலைக்குப் போய்வந்தார்கள். எவ்வளவு சொல்லியும் கேளாமல் அங்கேயும் சுவெட்டரைக் கழற்றாமல் கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு வந்த வேலாயி, கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத புள்ள. நாங்க எறங்குனதும் சிரிச்சுக்கிட்டே வந்து பைய வாங்குனான். வாங்கிட்டு, எங்களுக்குப் பின்னாடி அந்த பஸ் வாசலயே பாத்துக்கிட்டு நின்னான். கடைசி ஆளும் எறங்கி, கண்டாக்கரும் எறங்கி, டிரைவரும் எறங்குன பொறகுதான் வாங்க போவோம்னான். எனக்குக் குழம்பு தொண்டையில எறங்கல."

நிலக்ஷி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் மீது இருந்த கோபமெல்லாம் தன் மீது திரும்பியது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் வழி சொன்ன மனுஷன். வேறு எப்படித்தான் கூப்பிடுவான்? நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்குவது கஷ்டம்தான். அவனை மாலைதீவுக்கு விழுங்கக் கொடுப்பது அதைவிடக் கஷ்டம்.

இரண்டு நாள் கழித்து அவள் பெரட்டுக்குப் போகவில்லை. நிஷாந்தியிடம்கூட ஹட்டன் வரைக்கும் என்றுதான் சொன்னாள். ஹட்டனில் கண்டி பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறினாள். நாவலப்பிட்டி வந்தது, கம்பளை வந்தது. எல்லாம் ஏற்கெனவே பார்த்த ஊர்கள் போலவே இருந்தன. விரல்கள் மட்டும் மடியில் சும்மா கிடக்காமல் எதையோ கிள்ளிக்கொண்டே வந்தன. கண்டியில் பஸ் மாறி இடது பக்க ஜன்னல் பிடித்தாள். தம்புள்ளையில் சுவெட்டரைக் கழற்றியபோது, இரண்டு வருடப் பாரத்தில் பாதி இறங்கியதுபோல் இருந்தது. கந்தளாய்க் குளக்கட்டு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இறங்கி நின்றால் என்ன பேசுவது? யாரிடம் சொல்வதுபோல் பேசுவது? அங்கே சுவர் இருக்காது, கூரை இருக்காது, நிஷாந்தியும் இருக்கமாட்டாள்.

தன் போனை எடுத்து, இதுவரை ஒரு தடவைகூட அழுத்தாத நம்பரை அழுத்தினாள்.

"யாரு?" என்றான்.

"நான்தாங்க. கந்தளாய் தாண்டிட்டேன். எங்க எறங்கணும்?"

எந்தப் பஸ், எந்த ஜன்னல், எந்தக் கிணற்றில் எவ்வளவு சூடு என்று இரண்டு வருடம் ஊருக்கே வழி சொன்னவனுக்கு இப்போது ஒரு வழியும் வாயில் வரவில்லை. பின்னால் சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் கேட்டான்.

"நீ சாப்பிட்டியா?"

நிலக்ஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து இருக்கைப் பெண் என்னவோ ஏதோவென்று தண்ணீர் போத்தலை நீட்டினாள்.

"இல்லீங்க," என்றாள். "இனிமேத்தான். நீங்க?"

சீனன்குடாப் பக்கம் தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிய ஆரம்பித்தது. பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.